படகோட்டியைச் சந்தேகிக்கும் முன் கேனை நிறுத்துப் பாருங்கள்

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் விடுதியின் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நோர்வூட் பக்கம் மூன்று அறைகள் கொண்ட சின்ன விடுதி ஒன்றைக் குடும்பமாக நடத்துகிறார். தங்க வருபவர்களை நீர்த்தேக்கத்தில் சுற்றிக் காட்டவும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்வரவும் நீர்கொழும்பில் ஒருவரிடம் 18 அடி ஃபைபர் படகையும் 25 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சினையும் வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின், காற்றையும் பெற்றோலையும் கலந்து விடும் காபரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக். விற்றவர், "மணித்தியாலத்துக்கு ஆறு லீற்றர்தான் குடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். இங்கே பத்து லீற்றர் போகிறது. படகை ஓட்டுபவர் வாசகரைவிட மூத்தவர், இருவருடைய அப்பாமாரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள், வாசகர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். "மிச்சம் நாலு லீற்றர் எங்கே போகிறது? கேட்டால் உறவு போய்விடும், கேட்காவிட்டால் காசு போய்விடும்" என்று எழுதியிருக்கிறார். மெதுவாக ஓட்டச் சொல்லியும் செலவு குறையவில்லை, கொஞ்சம் கூடியே விட்டது, அதிலிருந்து சந்தேகம் உறுதியாகிவிட்டதாம். கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி, பெற்றோல் ஓட்டத்தை அளக்கும் மீற்றர் பூட்டலாமா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பத்து லீற்றர் எஞ்சினுக்குள்ளேயே போயிருக்கத்தான் அதிக வாய்ப்பு. நிச்சயம் என்று சொல்லமாட்டேன், அதை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும், ஆனால் அளக்காமல் அண்ணனிடம் வாயைத் திறக்காதீர்கள். 2022இல் கியூஆர் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஆட்கள் நாம், பெற்றோல் என்றாலே எல்லோருக்கும் ஒரு கண் வந்துவிட்டது, அது எனக்கும் புரிகிறது.

ஆறு லீற்றர் என்ற அந்த எண்

விற்றவர் பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. அவர் எப்படி ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. கடலில் இரண்டு பேர் போய், எஞ்சினை நிறுத்தி அரை மணித்தியாலம் தூண்டில் போட்டுவிட்டு, மறுபடி கிளப்பி வருகிற ஆளுக்கு "ஒரு மணித்தியாலம்" என்பது கைக்கடிகாரத்து மணித்தியாலம், எஞ்சின் ஓடிய நேரம் அதில் பாதிதான் இருக்கும். உங்கள் அண்ணன் ஆறு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இடைவிடாமல் ஓட்டுகிறார். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. நீங்கள் கடிதத்தில் ஆட்டோவின் கணக்கை வைத்து லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்றும் ஓரிடத்தில் பார்த்திருக்கிறீர்கள். படகுக்கு அது இரண்டாவது கணக்கு. முதலில் மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்று எடுக்க வேண்டும், அதை வேகத்தால் வகுத்தால்தான் கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பது வரும்.

எஞ்சினுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக் கொள்ளுங்கள், சந்தேகம் வரும்போதெல்லாம் உதவும். காபரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக், முழு வேகத்தில், ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றரை ஒட்டிக் குடிக்கும். உங்களுடையது 25. அப்படியென்றால் கடல் மட்டத்தில் 11, 12 லீற்றர் என்பது அதன் வயிற்றின் அளவு. ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் குதிரைவலுவுக்கு 0.35 முதல் 0.4 வரை வரும், அதாவது இதே வலுவுக்கு 9, 10 லீற்றர். உங்கள் அண்ணன் 15 லீற்றர் என்று கணக்குக் கொடுத்திருந்தால் நானே உங்களிடம் "கவனியுங்கள்" என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் அந்த எஞ்சினால் அவ்வளவு குடிக்கவே முடியாது. பத்து என்பது முடியும். ஆனால் பத்து வர வேண்டுமென்றால் த்ரொட்டிலை ஏறக்குறைய கடைசி வரை திருகியபடியே ஒரு மணித்தியாலமும் ஓட்டியிருக்க வேண்டும். அப்படி ஏன் ஓட்ட வேண்டி வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி.

மலை ஏறி வந்த எஞ்சின்

நீர்கொழும்பில் கடல் மட்டத்தில் ஓடிய எஞ்சின் இப்போது 1,000 மீற்றருக்கும் மேலே ஓடுகிறது. இங்கே காற்று மெலிவு. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் வலுவும் குறையும், 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். காசல்ரீயில் உங்கள் 25 குதிரைவலு 22, 23 ஆகிவிடும். நுவரெலியாவில், கிரகரி வாவியில், 1,800 மீற்றருக்கு மேல் போய்விடுவதால் இழப்பு 20 சதவீதத்தை நெருங்கும். காற்று குறைந்தாலும் காபரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவையொட்டியே பெற்றோலை விடும், கலவை கொழுத்துப்போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கறுப்பாக ஈரமாக இருந்தால் இதுதான்.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு "உயரம்தான் காரணம்" என்று முடித்துவிடுகிற மெக்கானிக்குகள் உண்டு, அது பாதிக் கதை. உங்கள் உயரத்தில் கலவை கொழுப்பது ஐந்து சதவீதம் மாதிரிதான் வரும். ஆறு லீற்றர் பத்து லீற்றராக மாறுவதற்கு அது போதாது.

பெரிய காரணம் புரொப்பெலர் என்று நினைக்கிறேன். நீர்கொழும்பில் இரண்டு பேருக்குப் பொருந்திய புரொப்பெலர் அது. இங்கே எஞ்சின் வலு குறைந்திருக்கிறது, ஓட்டுபவரோடு ஏழு பேர் இருக்கிறார்கள், புரொப்பெலர் அதேதான். எஞ்சினால் அதைச் சுழற்ற முடியாமல் திணறும். முழு த்ரொட்டிலிலும் சுற்று மேலே ஏறாது, படகு தண்ணீரின் மேலே எழும்பி வழுக்காது, பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கியபடி தண்ணீரை உழுதுகொண்டே போகும். மூன்றாம் கியரில் லொறி மலை ஏறுவது போல. இந்த நிலையில்தான் படகு மிக அதிகமாகக் குடிக்கும், மிகக் குறைவாக நகரும்.

சோதிக்க வழி எளிது. பிளக் வயரில் சுற்றிவைத்து எஞ்சின் சுற்றை எண்ணும் சின்ன டகோமீற்றர் ஒன்று வாங்குங்கள், அதிலேயே எஞ்சின் ஓடிய நேரமும் பதிவாகும், உங்கள் கைக்கடிகாரக் குழப்பமும் தீரும். எஞ்சினின் கையேட்டில் முழு த்ரொட்டிலில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வர வேண்டும் என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள், உதாரணத்துக்கு 5,000 முதல் 5,500 வரை. ஆட்களை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டும்போது அந்த வரம்பின் அடிப்பக்கத்தைக்கூட எட்டவில்லை என்றால் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம், குறைந்த புரொப்பெலர் வேண்டும். ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். 1965இல் அணை கட்டி நிரப்பிய பள்ளத்தாக்கு இது, பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் இறங்கும்போது பாறையும் மரக்கட்டையும் மேலே வரும். பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயிலே வெளியே தெரியும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கரையோரம் ஒரு தட்டுத் தட்டினால் போதும், புரொப்பெலர் இதழின் ஓரம் மடங்கிவிடும், ஓட்டுபவருக்கு லேசான அதிர்வாகத்தான் தெரியும். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே பல் பல்லாக இருப்பது பிடிபடும்.

மெதுவாக ஓட்டச் சொன்னதில் நடந்தது

உங்கள் சந்தேகத்தை உறுதியாக்கியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பெற்றோலும் பாதியாகும் என்று நினைத்திருக்கிறீர்கள். சாலையில் ஓரளவு பொருந்துகிற கணக்கு தண்ணீரில் பொருந்தாது. 18 அடிப் படகு மணிக்கு 8, 9 கிலோமீற்றர் வரை தண்ணீரைப் பிளந்துகொண்டு அமைதியாகப் போகும், எஞ்சின் சுற்று பாதி இருந்தாலே போதும், அந்தச் சுற்றில் புரொப்பெலர் கேட்கிற வலு முழு வலுவில் எட்டில் ஒரு பங்கு மாதிரிதான். அதற்கு மேலே போனால் படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற முயற்சி செய்யும். 12லிருந்து 18 வரை உள்ள இந்த இடைவெளிதான் மோசமான இடம். 22, 23ஐத் தாண்டினால் மேலே எழும்பி வழுக்க ஆரம்பிக்கும், மறுபடி நிம்மதி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் படகின் எண்கள் வேறாக இருக்கும். மணிக்கு 8 கிலோமீற்றரில் 2.5 லீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 310 மில்லி. 14இல் 9 லீற்றர் என்றால் 640 மில்லி. 30இல் 11 லீற்றர் என்றால் 370 மில்லி. நடுவில்தான் இரட்டிப்பு. நீங்கள் "பறக்காமல் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்று சொன்னபோது அண்ணன் மரியாதையாக நடு வேகத்துக்குக் குறைத்திருப்பார், அதே தூரத்தைச் சுற்றிவர நேரமும் கூடியிருக்கும், பெற்றோலும் கூடியிருக்கும். சொன்ன பேச்சைக் கேட்டதற்காக அவர் மேல் பழி விழுந்திருக்கிறது.

ஆகவே நடு வேகத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒன்று, வேடிக்கை பார்க்கும் வேகம், அலை எழாமல். விருந்தாளிகளுக்கும் அதுதான் பிடிக்கும், கரையோரத் தேயிலை மலையைப் படமெடுக்க வந்தவர்களுக்கு இரைச்சல் எதற்கு? இல்லையென்றால், ஆள் குறைவாக இருக்கும்போது முழுதாக எழும்பி ஓடும் வேகம். கனமான ஆட்கள் இரண்டு பேரை முன்பக்கம் உட்கார வைத்தால் எழும்புவதும் சுலபம்.

அளப்பது எப்படி

மீற்றர் கிடக்கட்டும். உங்களிடம் இருப்பது வெளியே எடுக்கக்கூடிய 24 லீற்றர் டேங்க். அது பெரிய வசதி, நிறுத்துப் பார்க்கலாம். கேனில் போட்டிருக்கும் லீற்றர் கோடுகளை நம்பவேண்டாம், 20 லீற்றர் கேன் விளிம்பு வரை நிரப்பினால் அதைவிடக் கூடவே பிடிக்கும். காலைக் குளிரில் நிரப்பி மத்தியானம் வெயிலில் வைத்தால் 15 பாகை ஏறுகிற அந்த வித்தியாசத்துக்கே 20 லீற்றரில் 300 மில்லி விரிந்துவிடும். எடை மாறாது. மலையகத்தில் தராசுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கொழுந்து நிறுக்கிற தராசு இதற்குக் கொஞ்சம் முரடு. 10, 20 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு போதும்.

முதலில் பெற்றோல் செட்டில் சரியாக 10 லீற்றர் அடிக்கச் சொல்லி, வெறும் கேனின் எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். 7.4 கிலோவை ஒட்டி வரும். லீற்றருக்கு 740 கிராம், அதுதான் உங்கள் அளவுகோல். 50க்கு 1 என்று எண்ணெய் கலப்பதாக இருந்தால் 10 லீற்றருக்கு 200 மில்லி எண்ணெய் சேரும், எடைக் கணக்கை அது பெரிதாகக் கெடுக்காது.

பிறகு படகில். டேங்கை இறுக மூடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், 21.40 கிலோ என்று வைப்போம். ஒரே வேகத்தில் சரியாக 15 நிமிடம் ஓட்டுங்கள், பாதி நேரம் காற்றோடு, பாதி நேரம் காற்றுக்கு எதிராக. போனில் ஜிபிஎஸ் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து நிறுத்தால் 19.55 கிலோ. குறைந்தது 1.85 கிலோ, 740 கிராமால் வகுத்தால் 2.5 லீற்றர், நாலால் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு 10 லீற்றர். மெதுவான வேகம், நடு வேகம், முழு வேகம் மூன்றிலும் எடுங்கள், ஆட்களோடு ஒரு முறை, ஆளில்லாமல் ஒரு முறை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் அலை தூக்கிவிடும், அமைதியான காலை நேரம் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது டேங்க் குழாயையும் கைப்பம்பையும் பிழிந்து பாருங்கள், வெடிப்பிருந்தால் ஈரம் தெரியும், அங்கே கசிகிற பெற்றோலும் கணக்கில் ஏறும். அதைவிட முக்கியம், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று: கேன்களைச் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் அறையில் வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கே வெளியே எடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்துபோய் அடுப்பைத் தேடும். நாலு லீற்றர் கணக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது

அவருக்குத் தெரியாமல் அளக்காதீர்கள். தெரியாமல் அளந்தது எப்படியும் தெரியவரும், அப்போது எண் என்ன வந்தாலும் உறவு முறிந்த மாதிரிதான். "அண்ணே, விற்றவன் ஆறு லீற்றர் என்றான், இங்கே கூடப் போகுது, எஞ்சின்ல ஏதோ கோளாறு மாதிரி தெரியுது, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை அளந்து பாப்போமா?" என்று கேளுங்கள். இதில் ஒரு பொய்யும் இல்லை. தராசைப் பிடிப்பது அவராக இருக்கட்டும், எழுதுவது நீங்கள். எஞ்சினோடு தினமும் பழகுகிறவர் அவர், "ரெண்டு மாசமா எழும்பவே மாட்டேங்குது தம்பி" என்று அவரே சொன்னாலும் சொல்வார், கேட்பதற்கு ஆள் இல்லாததால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அளவு முடிந்ததும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: டகோமீற்றர் காட்டும் ஓடிய நேரம், ஆட்கள், போட்ட பெற்றோல். உங்கள் சோதனையில் ஆட்களோடு 9 வந்து, கொப்பியில் 10 என்றிருந்தால் விட்டுவிடுங்கள், காற்றும் கரையோரம் காத்திருந்ததும் அவ்வளவு வித்தியாசத்தைத் தரும். சோதனையில் 6 வந்து, அதே ஆட்களோடு, அதே வேகத்தில் கொப்பியில் தொடர்ந்து 10 என்றிருந்தால் அப்போது பேசவேண்டியதைப் பேசுங்கள், கையில் கணக்கு இருக்கும். எதுவாக இருந்தாலும் "சம்பளத்தில் வெட்டிக்கொள்ளலாமா" என்று கேட்டிருந்தீர்களே, அதைச் செய்யாதீர்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தொழிற்சட்டத்தில் வரம்புகள் உண்டு, நான் எஞ்சின்காரன், அந்த வரம்புகளை ஒரு வழக்கறிஞரிடமோ தொழில் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீற்றர், புதிய எஞ்சின்

ஓட்ட மீற்றர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் எஞ்சினின் பம்ப் விட்டு விட்டுத் துடித்து இழுப்பது, மெதுவான வேகத்தில் ஓட்டமும் மிகக் குறைவு, மலிவான மீற்றர்கள் அந்த இடத்தில் தப்பாகக் காட்டும். தப்பான மீற்றரை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் குற்றம் சொல்வது இப்போதைய நிலையைவிட மோசம்.

ஃபோர்-ஸ்ட்ரோக் நல்ல யோசனைதான், பெற்றோலை ஊசிபோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வகை என்றால் உயரத்துக்கு ஏற்பக் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், செலவும் நன்றாகக் குறையும். ஆனால் வார இறுதியில் சில மணித்தியாலம் ஓடுகிற படகுக்கு அந்தப் பணம் திரும்பி வர நிறைய வருடம் பிடிக்கும். அதோடு, கனமும் கூட. பொருந்தாத புரொப்பெலரோடு அதையும் ஓட்டினால் அதுவும் உழுதுகொண்டுதான் போகும். முதலில் புரொப்பெலர், பிறகு காபரேட்டருக்கு ஒரு அளவு சின்ன ஜெட், அதாவது பெற்றோல் வரும் துளை. ஜெட் விஷயத்தில் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம், டூ-ஸ்ட்ரோக்கில் கலவை மெலிந்துபோனால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும், தெரிந்த மெக்கானிக் செய்யட்டும். என்றைக்காவது எஞ்சினை மறுபடி நீர்கொழும்புக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டை மாட்டிய பிறகே கிளப்ப வேண்டும், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

புரொப்பெலரின் நடுக் குடத்தில் 9⅞ × 12 மாதிரி இரண்டு எண்கள் பொறித்திருக்கும், இரண்டாவதுதான் பிட்ச். அந்த எண்ணையும், ஆட்களோடு முழு த்ரொட்டிலில் வந்த சுற்றையும், தராசுக் கணக்கையும் அனுப்புங்கள், எந்த அளவு வாங்கலாம் என்று எழுதுகிறேன். அதுவரை விருந்தாளிகளை மூன்று மூன்று பேராக இரண்டு தடவை கூட்டிப்போகச் சொல்லுங்கள், ஏழு பேரோடு ஒரு தடவை திணறுவதைவிடச் செலவு குறைவாகவே வரலாம், உயிர்காப்பு அங்கியும் எல்லோருக்கும் போதும்.